நிதானா என்றொரு கன்னடச் சொல்

போன வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமைக் காலை. டென்னிஸ் இரட்டையர் ஆட்டம், 4-5 என்று பின்தங்கியிருந்தோம், அந்த கேமில் இரு பக்கமும் சமம், ட்யூஸ். எதிராளி தடுமாறித் திருப்பிய பந்து எங்கள் சர்வீஸ் கோட்டுக்கு அருகே விழுந்து, இடுப்பு உயரத்துக்கு மெதுவாக எழும்பியது. எதிரே பாதி கோர்ட் காலியாகக் கிடந்தது. ராக்கெட் பிடிக்கக் கற்று ஆறு மாதம் ஆன பிள்ளைகூட அடித்துவிடும் பந்து. என் ஃபோர்ஹேண்ட், அதாவது வலப்பக்கம் வரும் பந்துக்கான அடி, அதை நெட்டின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. என்னோடு ஜோடியாக ஆடுபவர் சேலத்துக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். "பரவால்ல, விடுங்க" என்றார். குரலில் ஏமாற்றமே இல்லை. அது மட்டுமல்ல, நான் பந்தை நோக்கிப் போகும்போதே அவர் இரண்டடி பின்னால் நகர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்திருந்தேன். அந்தப் பந்து என்ன ஆகும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தோற்றது அன்று மத்தியானமே மறந்துவிட்டது. அந்த இரண்டடி மறக்கவில்லை.

எங்களைப் போல நாற்பது வயதுக்கு மேல் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒளித்து வைப்பது பேக்ஹேண்டைத்தான். பந்து இடப்பக்கம் வந்தால்கூடச் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டில் அடிப்பார்கள். எனக்கு நேர்மாறு. என் பேக்ஹேண்ட், பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. 38 வயதில் டென்னிஸ் ஆட வந்தபோது இரண்டு கையாலும் பிடித்து அடிப்பதைப் புதிதாக, ஒன்றாம் வகுப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். ஃபோர்ஹேண்டை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அது ஏற்கெனவே வரும் என்று நானே நினைத்துக்கொண்டேன். இது எங்கிருந்து வந்த நினைப்பு என்று யோசித்தால் அருப்புக்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துச் செம்மண் தரை கண்ணுக்குள் வருகிறது.

ஏழாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நான் பூப்பந்து ஆடியவன். ஷட்டில் இல்லை, மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். நான் முன்வரிசை. அந்தப் பந்து 27, 28 கிராம்தான் இருக்கும். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம் வரை, ஏறக்குறைய இரண்டு மடங்கு. பூப்பந்தில் பந்து தரையில் பட்டால் புள்ளி போச்சு. அதனால் பந்து குதித்து எழுவதைப் பார்த்து, அதற்கேற்ப இடம் பிடித்து நிற்கும் வேலையே கிடையாது. முன்வரிசையில் நிற்பவனுக்கு உடம்பைத் திருப்ப நேரமும் கிடையாது. நெட்டைப் பார்த்தபடியே நின்று மணிக்கட்டால் சுண்ட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். வட்டார அளவில் இரண்டு முறை ஆடியிருக்கிறேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் முப்பது வருஷம் கழித்தும் அப்படியே என் வலது கையில் உட்கார்ந்திருந்தது. 300 கிராம் ராக்கெட்டையும் கனமான பந்தையும் அந்த மணிக்கட்டு தன் பழைய வேலையாகவே நினைத்துச் சுண்டியது. டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி வந்தபோது, வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கோச்சிடம் போய், ஃபோர்ஹேண்ட் மட்டும் கற்றுத்தாருங்கள் என்று கேட்டேன். பெங்களூரு அல்சூரில் என் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிஷத் தூரத்தில் உள்ள கிளப். வாரத்தில் மூன்று நாள், காலை 6 மணி. கோச் கன்னடக்காரர், பொறுமைசாலி, அதிகம் பேசமாட்டார். முதல் வேலையாகப் பிடியை மாற்றினார். ராக்கெட்டின் கைப்பிடி எண்கோணம். சுத்தியலைப் பிடிப்பதுபோல் ஆள்காட்டி விரலின் அடிமூட்டை மேல்பக்கத்துக்கு அடுத்த சரிவில், இரண்டாவது பக்கத்தில் வைத்திருந்தேன். அதைச் சுற்றி, நாலாவது பக்கத்துக்குக் கொண்டுபோனார். செமி வெஸ்டர்ன் என்பார்கள். முதல் வாரத்திலேயே விரலடியில் தோல் உரிந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து, நான் அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் அவர் ஒரே சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார். நிதானா, நிதானா.

நான் 2006இல் இந்த ஊருக்கு வந்தவன். கடைக்கும் ஆட்டோவுக்கும் போதுமான கன்னடம் உண்டு. நிதானா என்றால் மெதுவாக என்று அர்த்தம். சரி, கையை வேகமாக வீசுகிறேன் போல என்று வேகத்தைக் குறைத்தேன். பந்து நெட்டைத் தாண்டவில்லை. இன்னும் குறைத்தேன். தாண்டிய பந்துகள் கோர்ட்டின் நடுவில் விழுந்து எதிராளிக்கு விருந்தாயின. கோச் மறுபடியும் நிதானா என்றார். இதற்கு மேல் எப்படிக் குறைப்பது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று மாதம் இப்படியே போயிற்று.

கைக்குள் குடியிருப்பவன்

அந்த மூன்று மாதத்தில் நான் சோம்பலாக இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கோச் இல்லாத நாட்களில் கிளப்பின் பயிற்சிச் சுவரில் போய் அடித்தேன். ஒரு நாளைக்கு 200 பந்து என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பழகப் பழக வரும் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை நான் முழுசாக நம்பினேன். இப்போது அப்படி நம்பவில்லை. பழகப் பழக எது வரும் என்பது நாம் எதைப் பழகுகிறோம் என்பதைப் பொறுத்தது. 200 முறை தாமதமாக அடித்தால் தாமதமாக அடிப்பதில் தேர்ச்சி வரும். சுவரும் அதற்கு ஒத்தாசை செய்யும். அது எப்படி அடித்தாலும் பந்தைத் திருப்பி அனுப்பிவிடும், குறை சொல்லாது. என் பேக்ஹேண்ட் காலி மனையில் கட்டிய வீடு. ஃபோர்ஹேண்டில் ஏற்கெனவே ஒருவன் குடியிருந்தான். அவனைக் காலி செய்யாமல் மேலே மாடி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ராக்கெட் நரம்பில் பந்து தங்கியிருக்கும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு, சுமார் 5 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்குள் கையால் எதையும் திருத்த முடியாது. பந்து பட்டுவிட்டது என்று மூளைக்குத் தெரிவதற்குள் அது கிளம்பிப் போயிருக்கும். பட்ட பிறகு ராக்கெட் எங்கே போய் முடிகிறது, தோளுக்கு மேல் சுற்றுகிறதா என்பதெல்லாம் ஏற்கெனவே நடந்ததன் அடையாளம் மட்டுமே. நானோ அந்த முடிவைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன் நின்று தோளுக்கு மேல் ராக்கெட்டை அழகாகச் சுற்றிவிடுவேன். கோர்ட்டில் அது வராது.

மார்ச் கடைசியில் என் மகள் வந்து போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்தாள். அவளுக்கு டென்னிஸ் தெரியாது. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, பந்து தரையில பட்டதுக்கு அப்புறம்தான் நீங்க திரும்பவே ஆரம்பிக்கிறீங்க" என்றாள். உண்மைதான். பந்து எதிராளியின் ராக்கெட்டிலிருந்து கிளம்புகிறது, நெட்டைத் தாண்டுகிறது, தரையைத் தொடுகிறது. அதுவரை நான் நெட்டைப் பார்த்தபடி முழங்காலை மடக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறேன், பூப்பந்து முன்வரிசை ஆள் மாதிரி. பின்கோட்டிலிருந்து எதிர்ப் பின்கோடு வரை 23.77 மீட்டர். எங்கள் அடிக்கு அந்தத் தூரத்தைக் கடக்கப் பந்துக்கு ஒரு நொடிக்கு மேலேயே ஆகும். அந்த நொடியில் பெரும்பகுதியை நான் வீணாக்கியிருக்கிறேன்.

அப்போது கப்பன் பார்க்கில் பார்த்த ஒரு ஆட்டம் ஞாபகம் வந்தது. 2018 நவம்பரில் பெங்களூரு ஓப்பன் இறுதியாட்டம். சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் சாகேத் மைனேனியை வென்று கோப்பை எடுத்தார். இடது கைக்காரர், ஃபோர்ஹேண்டுக்குப் பேர் போனவர். அன்று அந்த வேகத்தை வாய் பிளந்து பார்த்தேன். வீடியோவுக்குப் பிறகுதான் வேறொன்று மனதில் தெளிந்தது. பந்து நெட்டைக்கூடத் தாண்டியிருக்காது, அவர் தோள் ஏற்கெனவே பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அதற்கப்புறம் ஒரு கணம், எந்த அவசரமும் இல்லாமல் காத்திருப்பார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கணம் என் கண்ணில் பட்டது. அது என்ன என்று புரியவில்லை.

குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு மாதம் சரியாகவில்லை. சீக்கிரம் திரும்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடம்பு திரும்பும். ஆனால் கை மட்டும் பழைய இடத்தில், இடுப்புக்குப் பக்கத்தில், பந்தைச் சந்திக்கக் காத்திருக்கும்.

மழை விட்ட காலை

மே மாதம். பெங்களூரில் கோடை மழை ராத்திரி முழுக்க அடித்து விட்டிருந்தது. ஏரிக்கரைச் சாலையெல்லாம் குல்மோஹர் பூ. கோச் ஜூனியர் பிள்ளைகளை வெளியூர் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தார். கிளப் மார்க்கர் மட்டும் ரப்பர் வைத்த நீளக் கட்டையால் கோர்ட்டிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அறுபதை நெருங்குபவர், மர்ஃபி டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர். பத்து வயதில் பந்து பொறுக்க வந்து, பதினெட்டில் மார்க்கர் ஆகி, இதே கோர்ட்டில் நாற்பது வருஷம். ஜோடி கிடைக்காத உறுப்பினர்களுக்கு எதிரே நின்று பந்து போட்டுத் தருவது அவர் வேலை. ஓரமாக ஒரு பாதி காய்ந்திருந்தது. "சும்மா போகாதீங்க சார், ஒரு பத்து நிமிஷம் வாங்க" என்றார். நான் ராக்கெட்டை எடுத்தேன். "அது வேணாம். பெஞ்சுல வெச்சிடுங்க."

நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, கையாலேயே ஒரு பந்தை என் வலப்பக்கம் தூக்கிப் போட்டார். "ஒரு குதி குதிச்சதும் பிடிங்க." பிடித்தேன். "அசையாதீங்க. எங்க பிடிச்சிருக்கீங்கன்னு பாருங்க." பார்த்தேன். பந்தும் கையும் வலது இடுப்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னாலேயே இருந்தன. மார்பு நெட்டைப் பார்த்திருந்தது. "அங்கிருந்து எப்படி சார் அடிப்பீங்க? மணிக்கட்டால தள்ளத்தான் முடியும்" என்றார். மூன்று மாதமாக நான் செய்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பிறகு இடது காலுக்கு ஒரு முழம் முன்னால், இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொன்னார். முதல் ஐந்தாறு பந்து கைக்கு எட்டவில்லை, இல்லாவிட்டால் உடம்போடு வந்து மோதியது. அங்கே பிடிக்க வேண்டுமானால் பந்து எங்கே விழும் என்று அது அவர் கையை விட்டதுமே தெரிய வேண்டும். தெரிந்ததும் கால் போயிருக்க வேண்டும். நாம் எல்லாரும் பிறந்ததிலிருந்து பந்து பிடித்தவர்கள். பிடிக்கும்போது கண்ணும் காலும் தாமாகவே வேலை செய்கின்றன. யாரும் பந்தைப் பிடிக்க மணிக்கட்டைச் சுண்டுவதில்லை. ராக்கெட் கையில் இல்லாததால் உள்ளே இருந்த பூப்பந்துக்காரனுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பத்து நிமிஷம் என்றவர் அரை மணி நேரம் போட்டார். அப்புறம் ராக்கெட்டை எடுக்கச் சொன்னார், ஆனால் அடிக்கக் கூடாது. இடது கையால் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பந்து அவர் கையை விட்ட உடனே இரண்டு கையும் சேர்ந்து பக்கவாட்டில் திரும்ப வேண்டும், பந்தைப் போக விட்டுவிட வேண்டும். இருபது பந்து அப்படியே போயிற்று. இடது கை ராக்கெட்டை விடாதவரை தோள் திரும்பாமல் ராக்கெட் பின்னால் போகவே முடியாது என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. அந்த இடைவெளியில் அவரிடம் கேட்டேன், கோச் சார் நிதானா நிதானா என்கிறாரே அண்ணே, இன்னும் எவ்வளவு மெதுவாக வீசுவது என்று. அவர் தலையை ஆட்டினார். "அது கைக்கு சொல்றது இல்ல சார். நீங்க லேட்டா திரும்புறீங்க, அதனால கை பதறுது. அந்தப் பதட்டம் வேணாங்கிறாரு. பஸ் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டாப்புல நிக்கிறவன் எதுக்கு சார் ஓடணும்? முன்னாடியே திரும்பிடுங்க, அப்புறம் எவ்ளோ வேகமா வேணும்னாலும் அடிங்க."

தமிழிலும் நிதானம் என்ற சொல் இருக்கிறது. பதறாமல் இருப்பது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இன்னொரு அர்த்தமும் உண்டு. குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால், "ஒரு நிதானத்துல போடுறதுதான்" என்பாள் அம்மா. கண்ணாலேயே அளந்து, தேவைக்கு முன்பே கணித்துக்கொள்வது. கோச் கன்னடத்தில் சொன்ன சொல்லை நான் கன்னடத்திலேயே எடுத்துக்கொண்டு மெதுவாக வீசினேன். என் தாய்மொழியில் எடுத்துக்கொண்டிருந்தால் சரியாகப் போயிருக்குமோ என்று இன்னமும் யோசிக்கிறேன்.

அன்று கடைசியாக முப்பது பந்து அடித்தேன். பத்துதான் சரியாகப் பட்டது. ஆனால் அந்தப் பத்தின் ஓசையே வேறு. கையில் அதிர்வே இல்லை, முழங்கையில் வலி இல்லை. பந்து நெட்டுக்கு ஒரு மீட்டர் மேலே போய், கோட்டுக்கு உள்ளே சட்டென்று இறங்கியது. மேல்சுழற்சி என்று கோச் சொல்லிக்கொண்டே இருந்தது அதுதான். முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்துகிறது. நெட் நடுவில் 91.4 சென்டிமீட்டர்தான், அதை உரசிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சுழற்சி இல்லாமல் தட்டையாக அடித்தால் இந்த ஊரில் பந்து நீளமாகப் போய்விடும். அந்தப் பயத்திலும்தான் நான் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன்.

தோற்ற சனிக்கிழமைகள்

அதற்கப்புறம் எல்லாம் நேராகப் போகவில்லை. ஜூன், ஜூலை முழுக்கச் சனிக்கிழமைகளில் முன்பைவிட மோசமாகத் தோற்றேன். பழைய அடி பாதி போய்விட்டது, புதியது பாதிதான் வந்திருந்தது. 30-40 என்று ஆனதும் கை தானாகப் பழைய பிடிக்குப் போகும். அப்படிச் சுண்டிய பந்து சில சமயம் உள்ளே விழுந்து புள்ளியும் கிடைக்கும். அந்தப் புள்ளிகளுக்குத்தான் நான் பயந்தேன். சேலத்துக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன், இரண்டு மாதம் என்னால் நீங்கள் தோற்பீர்கள், வேண்டுமானால் ஜோடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று. "ஆடுங்க, பார்த்துக்கலாம்" என்றார். இதை மறக்கமாட்டேன். சுவருக்குப் போவதை நிறுத்தினேன். 200 பந்துக் கணக்கையும் விட்டேன். நாற்பது பந்து போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எதிர் ராக்கெட்டிலிருந்து பந்து கிளம்பும்போதே "திரும்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்த பந்து கணக்கில் சேராது. மொட்டை மாடியில் ராத்திரி பத்து நிமிஷம் பந்தே இல்லாமல் திரும்பிப் பழகினேன்.

இந்த மாற்றத்தைச் செய்தவர் பெயர் கிளப்பின் பயிற்சியாளர் பலகையில் கிடையாது. மார்க்கர்கள் உறுப்பினர்களுக்கு யோசனை சொல்லக்கூடாது என்று அங்கே எழுதாத விதி ஒன்று இருக்கிறது. அதனால்தான் மழை பெய்து கோச் வராத ஒரு காலை வரை அவர் வாய் திறக்கவில்லை. என் கை செய்யும் தப்பை அவர் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றிருக்கிறார். சான்றிதழ் இல்லை என்பதால் நாற்பது வருஷப் பார்வைக்கு மதிப்பில்லை என்று ஒரு கிளப் நினைப்பது எனக்கு ஒப்பவில்லை. நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். மறுபடியும் சொல்வேன். கோச்சின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

ஆகஸ்டில் ஒரு நாள் அவரிடமே போய், நிதானா என்றதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அப்படி எடுத்துக்கொண்டார்களோ என்றார். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கும் வேறு மாதிரிச் சொல்கிறார்: "பேக திருகு, ஆமேலே நிதானா." சீக்கிரம் திரும்பு, அப்புறம் மெதுவா. கன்னடத்தில் திருகு என்றால் திரும்பு. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் திருகாணி ஞாபகம் வரும். உடம்பு அப்படித்தான் திருக வேண்டும், கீழே கால் ஊன்றி நிற்க, மேலே தோள் சுற்றி.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. குளிர், பந்து நெஞ்சுக்குக் குறைவாகவே எழும்பியது. நாலாவது கேமில் எதிராளிகள் தலைக்கு மேல் தூக்கிப் போட்டதில் நாங்கள் இருவரும் பின்கோட்டில் நின்றிருந்தோம். அடுத்த பந்து குட்டையாக, சர்வீஸ் கோட்டுக்கு அருகே, என் வலப்பக்கம் விழுந்தது. பந்து கிளம்பியபோதே "திரும்பு" என்று சொல்லிவிட்டேன். இடது கை ராக்கெட்டின் கழுத்தில் இருந்தது. காத்திருக்க ஒரு கணம் மிச்சம் இருந்தது. அந்தக் கணத்தில் ஓரக்கண்ணில் சேலத்துக்காரர் தெரிந்தார். நான் அடிப்பதற்கு முன்பே நெட்டை நோக்கி இரண்டடி முன்னால் போயிருந்தார்.